பிரஷர் மிஷின் ஏறுக்குமாறாகக் காட்டினால்: கோளாறு வாரியாக ஒரு வழிகாட்டி

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பள்ளிக்கூட நண்பர்களிடமிருந்து ஃபோன் வந்தால், பாதி நேரம் விஷயம் ஒன்றுதான்: "டேய், அம்மாவுக்கு 170 காட்டுதுடா. என்ன பண்றது?" எங்கள் வயதுக்காரர்கள் எல்லார் வீட்டிலும் ஒரு பிரஷர் மிஷின் வந்துவிட்டது. அதை எப்படிப் போடுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் டாக்டர் இல்லை. அப்பா, அம்மா இருவருக்கும் பல வருஷமாகப் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதி வருகிறவன், அவ்வளவுதான். ஒரே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

## எல்லாவற்றுக்கும் முன்னால்

நெஞ்சு வலி அல்லது இறுக்கம், மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென வலுவிழப்பது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, ஆள் குழம்பிப் பேசுவது, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மிஷினைத் தொடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மிஷின் 130 காட்டினாலும் கூப்பிட வேண்டியதுதான்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்பதுதான். அந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம் என்பதால் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது.

ஒரு காலத்தில் பிரஷரைச் சட்டென இறக்க நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் இருந்தது. அப்படித் தடாலென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போவது குறைந்து வேறு வினை வரும். யாராவது பெரியவர் இந்த யோசனையைச் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரைக்கும் இதே பதில்தான்.

## கோளாறு: எப்போதும் 130 இருப்பவருக்கு இன்று 160, 170 காட்டுகிறது

மேலே சொன்ன எதுவும் இல்லை, நம்பர் மட்டும்தான் ஏறியிருக்கிறது என்றால் ஆளை நிதானமாகப் பாருங்கள்.

எப்படி உட்கார்ந்திருக்கிறார்? நான் ஃபோனில் கேட்கும் முதல் கேள்வி இது. கட்டில் ஓரத்தில், முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல், கால் தரையில் படாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கையில் சுற்றும் பட்டை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடக் காட்டும். சாயாமல் இருந்தால் கொஞ்சம், கால் மேல் கால் போட்டிருந்தால் கொஞ்சம், நடுவில் பேசினால் இன்னும் கொஞ்சம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் 130 இருக்கிற ஆளுக்கு 150 வந்து நிற்கும்.

சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போதும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். பக்கத்தில் மேஜை போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, பட்டை நெஞ்சின் நடு மட்டத்துக்கு வருகிற மாதிரி கையை வையுங்கள். கையை அவரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்காரட்டும். சீரியல் ஓடினால் அணைத்துவிடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாரா? சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் 10 புள்ளிக்கு மேலேகூட ஏறும். வயதானவர்கள் பாத்ரூம் தூரம் என்று தள்ளிப்போடுவார்கள். அதோடு, கடந்த அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி, மாடிப்படி, வீட்டுச் சண்டை ஏதாவது உண்டா? இருந்தால் அரை மணி கழித்துப் பாருங்கள்.

பட்டை எதன் மேல் சுற்றியிருக்கிறது? சட்டைக் கை மேலே சுற்றுவது ஒரு தப்பு. அதைவிட மோசம், அம்மாக்களின் ரவிக்கைக் கையைத் தோள் வரை சுருட்டி ஏற்றிவிடுவது. அந்தச் சுருட்டு கயிறு கட்டின மாதிரி கையை இறுக்கும், அதற்குக் கீழே மிஷின் என்ன பார்த்தாலும் சரி வராது. தளர்ந்த கை வைத்த நைட்டி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே இருக்க வேண்டும், டியூப் கையின் உள்பக்கமாக இறங்க வேண்டும், பட்டைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பட்டையின் அளவு சரியா? இங்கேதான் முதல் செலவு. தையல் டேப்பை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்து பாருங்கள். பட்டையிலேயே 22–32 செ.மீ. என்பது போல அச்சடித்திருக்கும். கை 35 இருந்து பட்டை 32 வரைக்கும் என்றால் நம்பர் பொய்யாக ஏறும், பருமனான கையில் 20 புள்ளி வரை ஏறலாம். அதே கம்பெனியின் பெரிய பட்டையைத் தனியாக வாங்கிவிடலாம், மிஷினை மாற்ற வேண்டியதில்லை. ஒல்லியான பாட்டிக்கு நடப்பது இதற்கு நேர் எதிர்: பட்டை பெரிதாகிப்போய்க் குறைத்துக் காட்டும்.

இதெல்லாம் சரி, இன்னும் 160 என்றால் இனி மருந்துப் பக்கம்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாருமே "போட்டேன்பா" என்பார்கள். அட்டையை எடுத்து எண்ணுங்கள். வாங்கிய தேதியையும் மிச்சத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். நீர் மாத்திரையை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பஸ் பயணம், கல்யாண மண்டபம் என்றால் அடிக்கடி பாத்ரூம் தேட வேண்டியிருக்கும் என்ற பயம்தான் காரணம். அதைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. எந்த நேரத்தில் போட்டால் தொல்லை இருக்காது என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். "நார்மல் ஆயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்" என்பவர்கள் இன்னொரு கூட்டம். நார்மலாக இருந்ததே மாத்திரையால்தான். விட்டுப்போனதற்காக மறுநாள் இரண்டாகப் போடவும் கூடாது.

அடுத்து, புதிதாக என்ன சேர்ந்தது? மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை, மூக்கடைப்புக்கான சளி மாத்திரை, ஸ்டீராய்டு, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை (அதில் சோடியம் அதிகம்) எல்லாமே பிரஷரை ஏற்றும். யாரும் சந்தேகப்படாத ஆள் ஒருவர் இருக்கிறார்: அதிமதுரம். தொண்டைக் கமறலுக்கு நல்லது என்று தினமும் கஷாயம் போட்டுக் குடித்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியமும் குறையும். இருமலுக்குக் குடிப்பதை வீட்டில் யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் டாக்டரிடமும் சொல்வதில்லை.

உப்பு விஷயம் உங்களுக்கே தெரியும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்தான், சாம்பாரிலும் ரசத்திலும் போட்டதைச் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு வந்தால் அந்த ஒரு ஸ்பூன் எங்கேயோ போய்விடும். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்பவர்களுக்கு: அதிலும் சோடியம்தான். சோடியம் குறைத்த பாக்கெட் உப்பில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனாலபிரில் போன்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது? 180/120-ஐத் தொட்டால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால், உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 150, 160 என்றால் அந்த ராத்திரியே ஓட வேண்டியதில்லை. காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை என ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதைக் கூட்டிச் சராசரி பாருங்கள். வீட்டு அளவில் 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் நோட்டோடு போக வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறவர் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் பிரஷரை இறங்க விடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். நடக்க முடியாதவர்கள் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

## கோளாறு: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பர்

148, 139, 133 என்று இறங்கிக்கொண்டே வந்தால் அது கோளாறே இல்லை. முதல் தடவை கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆள் அமைதியாக ஆக இறங்கும். பயந்துபோய் இடைவெளி விடாமல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் கை கடுக்கும், அந்த வலியிலேயே மறுபடி ஏறும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் 128, 156, 119 என்று முன்னும் பின்னுமாகத் தாவுகிறதா? முதலில் கை அசைந்ததா, பேசினாரா, செல் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அப்புறம் திரையில் சின்ன இதயப் படம் கோணலாகவோ மின்னிக்கொண்டோ தெரிகிறதா என்று கவனியுங்கள். பல மிஷின்களில் துடிப்பு சீராக இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரே ஒரு தடவை வந்தால் அசைவால் இருக்கலாம். அடிக்கடி வந்தால், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பாருங்கள். கடிகார முள் மாதிரி சீராக அடிக்கிறதா, இல்லை நினைத்தபோது நினைத்தபடி அடிக்கிறதா என்பது விரலுக்கே தெரியும். சீராக இல்லை என்றால் தள்ளிப்போடாமல் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். சில வகை சீரற்ற துடிப்பில் இதயத்துக்குள் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். கட்டாமல் இருக்க மருந்து உண்டு. படபடப்போ தலைசுற்றலோ சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

## கோளாறு: வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று

10 புள்ளிக்குள் வித்தியாசம் எல்லாருக்கும் உண்டு. நாலைந்து நாள் பார்த்தும் 15-க்கு மேல் வித்தியாசம் நிற்கிறது என்றால் கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தக் கையில் கூடக் காட்டுகிறதோ அதில்தான் இனிமேல் பார்க்க வேண்டும். நம்மில் பலரும் குறைவாகக் காட்டும் கையைத் தேர்ந்தெடுத்து நிம்மதி அடைகிறோம். முதுகு கிழிகிற மாதிரி வலியோடு இந்த வித்தியாசம் வந்தால் யோசிக்காமல் 108.

டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கையில் பட்டை சுற்றவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

## கோளாறு: வீட்டில் நார்மல், டாக்டரிடம் போனால் 160

டாக்டரைப் பார்த்ததும் ஏறுகிறவர்கள் உண்டு. இரண்டு பஸ் மாறி, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து, பேர் கூப்பிட்டதும் அவசரமாக உள்ளே போய் உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஏறாது. வீட்டு நோட்டை எடுத்துப் போங்கள். மிஷினையும் எடுத்துப் போங்கள். டாக்டர் பார்த்த அதே கையில், ஒரு நிமிடம் விட்டு, உங்கள் மிஷினிலும் பார்க்கச் சொல்லுங்கள். 5 புள்ளிக்குள் இருந்தால் மிஷின் நல்ல மிஷின். 10-க்கு மேல் வித்தியாசம், அதுவும் இரண்டு மூன்று தடவை பார்த்தும் அப்படியே என்றால் மிஷினை மாற்ற வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒரு முறை இப்படி ஒத்துப்பார்த்தால் நல்லது.

டாக்டரிடம் நார்மல், வீட்டில்தான் ஏறுகிறது என்றால் அதை லேசாக விடக் கூடாது. டாக்டர் பார்த்தது ஐந்து நிமிடம், மற்ற நேரமெல்லாம் உடம்பு தாங்குவது வீட்டு அளவைத்தான்.

## கோளாறு: 95, 100 என்று குறைவாகக் காட்டுகிறது, தலை சுற்றுகிறது

சில பேருக்கு, முக்கியமாக ஒல்லியான பெண்களுக்கு, 95/60 இயல்பாகவே இருக்கும். சோர்வு, கிறுகிறுப்பு எதுவும் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

பிரஷர் மாத்திரை போடும் பெரியவர் காலையில் எழுந்து பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறார் என்றால் அது வேறு கதை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை பாருங்கள். எழுப்பி நிற்க வைத்து, பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் நம்பர் 20 அல்லது கீழ் நம்பர் 10 இறங்கினால், நின்றதும் பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிவுக்கு இந்தத் தடுமாற்றமும் ஒரு வாசல்.

காரணங்கள்? நேற்று வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் இருந்ததா? சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாரா? விரதமா? அப்படியென்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இதய வீக்கத்துக்கோ கிட்னிக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாந்தி பேதி நாட்களில் பிரஷர் மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள், நாமாக முடிவு செய்ய வேண்டாம். அட்டெனலால் மாதிரியான சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலியே வரலாம். புதிதாக ப்ராஸ்டேட் மாத்திரை தொடங்கியிருந்தால் அதன் பேரையும் சொல்லுங்கள், அதில் சில வகை பிரஷரை இறக்கும்.

அதுவரை, எழும்போது முதலில் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, பிறகு நிற்கச் சொல்லுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, உடம்பு சில்லிட்டு வியர்த்தாலோ, மயங்கி விழுந்தாலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

## கோளாறு: கர்ப்பிணிக்கு 140/90 காட்டுகிறது

இங்கே ஏழு நாள் கணக்கு கிடையாது. சரியாக உட்கார வைத்து இன்னொரு தடவை பாருங்கள், அதே அளவு என்றால் அன்றைக்கே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் பேச வேண்டும். 160/110 என்றால் நேராக ஆஸ்பத்திரி. கடுமையான தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலி, முகம் திடீரென வீங்குவது இருந்தால் நம்பர் எதுவானாலும் போங்கள். குழந்தை பிறந்தபின் ஆறு வாரம் வரையும் இது பொருந்தும். பிள்ளை பெற்ற வீட்டில் எல்லாருடைய கவனமும் தொட்டில் பக்கம் போய்விடுவதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

## கோளாறு: மிஷின் ஊதவில்லை, ஊதி ஊதி 'எரர்' காட்டுகிறது

முதலில் செல். நாலு செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள், பழசும் புதுசும் கலக்காதீர்கள். சார்ஜ் செய்யும் செல்லில் வோல்டேஜ் கொஞ்சம் குறைவு என்பதால் சில மிஷின்கள் அதைத் தீர்ந்த செல் என்றே நினைத்துக்கொள்ளும். செல் கசிந்து பச்சை பூத்திருந்தால் காய்ந்த துணியால் சுரண்டித் துடையுங்கள்.

அடுத்து டியூப். மிஷினில் சொருகும் முனை கடைசி வரை போயிருக்கிறதா? டியூபை மடித்து டப்பாவில் திணித்து வைத்தால் அந்த மடிப்பில் விரிசல் விடும். பட்டனை அமுக்கி, அந்த இடத்தில் காதை வைத்தால் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். பட்டையின் ஓரத் தையலிலும் இப்படிக் கேளுங்கள். ஒட்டும் பகுதியில் நூலும் தூசியும் சேர்ந்து பிடிப்பு போயிருந்தால், ஊதும்போது படக்கென்று கழன்று 'எரர்' வரும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் பட்டையை மட்டும் மாற்றுங்கள். செலோடேப் ஒட்டி ஓட்டுவது, ஃபெவிகுவிக் போடுவது வேண்டாம், காற்று லேசாகக் கசிந்தாலும் நம்பர் தப்பாக வரும்.

பட்டை நல்லது, செல் புதுசு, ஆனாலும் மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது என்றால் வாரன்டி அட்டையைத் தேடுங்கள். வாரன்டி முடிந்திருந்தால் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போக வேண்டாம் என்பது என் கட்சி. ரேடியோவைத் திறந்து சரி செய்கிறவர் இதையும் ஓட வைத்துவிடுவார், அளவு சரியா என்று அவரால் சொல்ல முடியாது. புதிதாக வாங்கும்போது மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம், முழங்கைக்கு மேல் சுற்றும் வகையே வாங்குங்கள். கடைக்குப் போவதற்கு முன் கையைத் தையல் டேப்பால் அளந்து செ.மீ. கணக்கை எழுதிக்கொண்டு போங்கள், பட்டை அந்த அளவுக்குப் பொருந்துமா என்று டப்பாவிலேயே பார்த்து வாங்கிவிடலாம்.